நானூற்றுப் பத்து கிரெயின் குண்டு

என் வலது கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், கறுப்பாகச் சில புள்ளிகள் உண்டு. புதிதாகப் பார்க்கிறவர்கள் அம்மைத் தழும்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அவை வெடிமருந்துத் துகள்கள். டாக்டர் ஊசியால் தோண்டி எடுத்தது போக, தோலுக்குள்ளேயே தங்கிவிட்ட மிச்சம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் குலசேகரத்தில் காட்டிலாகா உத்தியோகத்தில் இருந்தேன். கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. மனைவி மார்த்தாண்டத்துக்காரி. மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள், என்னோடு வருவதற்காக அந்த வேலையை விட்டாள். ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் எங்களுக்கு ஓர் ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். வீட்டோடு ஒரு ரைபிளும்.

அது பட்டாளத்தில் எந்தக் காலத்திலோ கழித்துக் கட்டியது. அடியில் ஒரு இரும்புக் கைப்பிடி இருக்கும். அதைக் கீழே தள்ளினால் பின்பக்கம் வாய் திறக்கும். ஒரு தோட்டாவை உள்ளே வைத்து, கைப்பிடியை மேலே இழுத்து மூடிச் சுட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். அந்தத் தோட்டாவின் கூடு, மெல்லிய பித்தளைத் தகட்டைப் பீடி சுருட்டுவது மாதிரி சுருட்டிச் செய்தது. மழைநாட்டு ஈரத்தில் வருஷக்கணக்காகக் கிடந்து பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். சட்டையில் துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்வோம். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

சுடுவதில் எனக்கு அப்போது நல்ல பெயர் இருந்தது. வாரத்துக்கு ஒருநாள் பழைய கல்வெட்டாங்குழிக்குப் போய்ப் பலகை நட்டுப் பழகுவேன். என்னோடு காட்டுக்குள் வருகிற காவலர் பலகையைப் பார்த்துக் குண்டு விழுந்த இடத்தைச் சொல்வார். அவர் என்னைவிட மூத்தவர், ஆரல்வாய்மொழிப் பக்கத்துக்காரர். பேச்சு குறைவு. யானைச் சூர், அதாவது வாடை, அடித்தால் என்னைத் தொட்டு நிறுத்துவார், அவ்வளவுதான்.

அப்படி ஒருநாள் பழகும்போதுதான் அது நடந்தது. விசையை இழுத்தேன். எப்போதும் முன்னால் போகிற நெருப்பு என் முகத்துக்கு வந்தது. தகட்டுக்கூடு கிழிந்து, புகையும் நெருப்பும் பின்பக்கத்து இடுக்கு வழியாகப் பீறிட்டிருக்கிறது. எனக்கு அப்போது அது ஒன்றும் தெரியாது. கண் போய்விட்டது என்பது மட்டும்தான் தெரிந்தது. காவலர் என் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, “கசக்கப்பிடாது ஏமானே, கசக்கப்பிடாது” என்று திரும்பத் திரும்பச் சொன்னது காதில் விழுந்தது. வில்வண்டியில் போட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் இடது கண்ணையும் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. திறந்து, அதிலும் இருட்டாக இருந்துவிட்டால்?

கண் பிழைத்தது. கட்டவிழ்த்த அன்று டாக்டர் விரலைக் காட்டினார், பார்த்தேன்; மனைவி ஜன்னலோரம் நின்று அழுததையும் பார்த்தேன். எல்லாரும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வேலைக்குப் போய், முதல் தடவையாக ரைபிளைத் தோளில் வைத்தபோது தெரிந்தது, முடியவில்லை என்று. விசையில் விரல் அழுந்த அழுந்த, எனக்குள் யாரோ கதவை இழுத்து மூடுவது மாதிரி இருந்தது. இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொண்டன. நான் மூடவில்லை, அவை மூடின. குண்டு எங்கே போனது என்று எனக்கே தெரியாது. காவலர் பலகையைப் பார்த்துவிட்டு வந்து, “காத்தாயிருக்கும்” என்றார். அன்று ஒரு இலைகூட அசையவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கால் போனால் எல்லாருக்கும் தெரியும். இது வெளியே தெரியாத ஊனம். ரைபிள் தோளில் இருக்கிறது, நடையில் குறைவில்லை, பேச்சில் குறைவில்லை. காட்டுக்குள் காவலர் எனக்கு முன்னால் போவார். நான் பின்னால் போவேன். என் கண் அவருடைய முதுகைவிட்டு நகராது. ஏதாவது எதிரே வந்தால் நான் சுடுவேன் என்று நம்பித்தான் அந்த மனிதர் முன்னால் நடக்கிறார்.

இந்த நிலைமையில்தான் மேலதிகாரியிடமிருந்து ஆள் வந்தது. ஓணம் கழிந்த வாரம், ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்து மலையடிவாரத்தில் குறிசுடும் போட்டி. எங்கள் இலாகா, போலீஸ், உப்பு இலாகா என்று மூன்று அணிகள். தோட்டத்துத் துரைமார் வந்து நடுவர்களாக இருப்பார்கள். அவரவர் இலாகா ரைபிளைத்தான் கொண்டுவர வேண்டும். தோட்டா எதுவானாலும் சரி. தூரம் இருநூறு கெஜம். எங்கள் அணியில் கடைசியாகச் சுடுவது நான்.

“நீங்கதான் சுடுவியன்னு பெரிய ஏமான் எல்லாருட்டயும் சொல்லியாச்சு” என்றார் வந்தவர். அவருக்கு அதில் சந்தோஷம். நான் சிரித்துவைத்தேன்.

அதன்பிறகு நான் பழகப் போனபோதெல்லாம் மனைவி கூடவே வந்தாள். முகம் வெந்து வந்தவனைத் தனியே விட அவளுக்கு மனமில்லை. குடையை விரித்துக்கொண்டு எனக்குப் பின்னால் ஒரு பாறையில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் காலையில் காவலர் வரவில்லை. நாங்கள் இருவர் மட்டும். நான் படுத்துக் குறிபார்த்து விசையை இழுத்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. வெடிக்கவில்லை.

வெடிக்கிற தோட்டாவைவிட வெடிக்காத தோட்டா பயங்கரமானது. உள்ளே பொறி கனன்றுகொண்டிருக்கலாம். வாயைத் திறக்கிற நேரம் பார்த்து வெடிக்கலாம். அப்படித் திறந்து கை போன ஒருவரை எனக்குத் தெரியும். மனைவி எழுந்து என் பக்கம் வருகிற சத்தம் கேட்டது.

“வராத! அங்கேயே நில்லு!” என்று கத்தினேன். அவளிடம் நான் அப்படிக் கத்தியதில்லை.

நின்றாள். நான் ரைபிளைப் பலகைப் பக்கமே பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். நெற்றி வியர்வை வலது கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கப் பயம். எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் என் உடம்பு தூக்கிப்போட்டது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ. கடைசியில் முகத்தை நன்றாகத் திருப்பிக்கொண்டு கைப்பிடியைக் கீழே தள்ளினேன். தோட்டா தொப்பென்று வெளியே விழுந்தது. ஈரத்தில் செத்துப்போன மருந்து. ஒன்றும் ஆகவில்லை.

அவள் பக்கத்தில் வந்து மண்ணிலேயே உட்கார்ந்தாள். விழுந்த தோட்டாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “வெடி வெடிக்கல்ல. ஆனா நீங்க ரெண்டு கண்ணையும் மூடிட்டிய. துப்பாக்கி நுனி மண்ணைப் பாத்துக் குத்திச்சு. நான் பாத்தேன்” என்றாள்.

“இல்ல.”

“பாத்தேன்னு சொல்லுகேன் இல்லா? எப்பவுமே இப்பிடித்தானா?”

நான் ரைபிளில் ஒட்டிய மண்ணைத் துடைக்கத் தொடங்கினேன். அவளுக்கு அதுவே பதிலாக இருந்தது.

“பேடியா?” என்று கேட்டாள். எங்கள் மேற்குப் பக்கத்தில் பயத்துக்கு அதுதான் வார்த்தை. சின்ன வயதில் கேட்ட வார்த்தை அது. பெரியவனான பிறகு என்னிடம் யாரும் கேட்டதில்லை.

“ஆமா. பேடிதான்.”

“அப்போ அந்த மனுசன் உங்கள நம்பியில்லா காட்டுக்குள்ள வாறாரு? அவருட்ட சொல்லாண்டாமா?”

“சொன்னா வேலை போவும்.”

“சொல்லாட்டா?” என்று கேட்டுவிட்டு, அவளே தன் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நான் காவலரிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “தெரியும் ஏமானே” என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுட்ட முதல் வெடியிலேயே தெரியுமாம். தெரிந்தும் எனக்கு முன்னால் நடந்திருக்கிறார்.

அவர்தான் இன்னொரு தோட்டாப் பெட்டியை நினைவுபடுத்தினார். எங்கள் சாமான் அறையின் மூலையில் வேறு ஒரு வகைத் தோட்டா கிடந்தது. குதிரைப் பட்டாளத்தின் குட்டைத் துப்பாக்கிக்காகச் செய்தது. எங்கள் ரைபிளிலும் சரியாக உட்காரும். குண்டும் லேசு, மருந்தும் குறைவு. பொம்பளைத் தோட்டா என்று கேலி பேசி யாரும் அதைத் தொட்டதில்லை. ஆனால் அதன் கூடு சுருட்டிய தகடு அல்ல. ஒரே பித்தளையை இழுத்துச் செய்த கெட்டிக் கூடு. நகத்தால் தட்டினால் கணீரென்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். மருந்துக்கடைத் தராசில் நிறுக்கிற சின்ன எடை அது. ஒரு வெள்ளி ரூபாய் நூற்றெண்பது கிரெயின். பழைய தோட்டாவின் குண்டு நானூற்று எண்பது. இது நானூற்றுப் பத்து. கையில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. தோளில்தான் தெரியும். பழையது கோவேறு கழுதைபோல் உதைக்கும். இது ஒருவர் நெருக்கித் தள்ளுகிற மாதிரிதான்.

ஆனால் சுட்டுப் பார்த்தபோது குண்டுகள் பலகையிலேயே இல்லை. மெதுவாகப் போகிறதால் வழியிலேயே தாழ்ந்து, இருநூறு கெஜத்தில் ஏறக்குறைய ஒரு முழம் கீழே மண்ணில் விழுந்திருந்தன. ரைபிளின் மேல் குறிபார்க்க வைத்திருக்கும் தகட்டை உயர்த்தி உயர்த்தி, நடுவுக்குக் கொண்டுவருவதற்கு நாளாயிற்று. கண் மட்டும் அப்போதும் மூடிக்கொண்டுதான் இருந்தது. மனைவி ஒவ்வொரு வெடிக்கும் பின்னாலிருந்து கேட்பாள்:

“வெடிச்சப்ப என்ன பாத்திய?”

“ஒண்ணும் பாக்கல்ல.”

“சரி, அடுத்ததப் போடுங்க.”

அவள் குரலில் கண்டிப்பும் இல்லை, இரக்கமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கேட்டுப் பழகிய குரல். எத்தனையோ தடவை ‘ஒண்ணும் பாக்கல்ல’ என்று சொன்ன பிறகு, ஒருநாள், “நுனியில செவப்பா தீ” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் குடையை மடக்கி வைத்துவிட்டு என் தலையில் கை வைத்தாள்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். கெட்டிக் கூட்டுத் தோட்டாவில் கண் திறந்தது. பழைய தகட்டுத் தோட்டாவை உள்ளே வைத்தால், அது என்ன என்று கைக்குத் தெரிந்த உடனே, கண் மூடிக்கொண்டது. போட்டிக்கு எதைக் கொண்டுபோவது? காவலர் காற்றைப் பற்றிச் சொன்னார்.

“எங்க ஊருக் காத்து ஆளையே தள்ளும் ஏமானே. ரெண்டு மலைக்கு நடுவுல ஊதி வாறது. லேசான குண்ட அது விட்டுவைக்காது. கனத்த குண்டுன்னா கொஞ்சம் தாங்கும்.”

அவர் சொன்னது உண்மை. கனத்த குண்டு நேராகப் போகும். ஆனால் அதை நான் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவேன். லேசான குண்டைக் கண்ணைத் திறந்து அனுப்பலாம். அது போகிற இடத்தைக் காற்று முடிவு செய்யும். போட்டிக்கு முந்தின வாரம் முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பையில் இரண்டு வகையையும் போட்டுக்கொண்டு போனேன்.

ஆரல்வாய்மொழியில் இறங்கியதுமே காற்று வேட்டியைப் பறித்தது. மலையடிவாரத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். அதன் துணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த சத்தம் எனக்கு வெடிபோலவே கேட்டது. மேலதிகாரி என்னைக் கண்டதும் துரையிடம் அழைத்துப்போய், “இவருதான்” என்று காட்டினார். துரை என் கன்னத்துப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கை கொடுத்தார். அவர் கண் அந்தப் புள்ளிகளிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

மற்ற இரண்டு அணிகளும் கனத்த தோட்டாதான் போட்டன. எங்கள் ஆட்களும் அப்படியே. ஒவ்வொருவர் சுடும்போதும் அவரவர் முகத்துக்குப் பக்கத்தில் நெருப்பு வரப்போகிறது என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. என் பெயரைக் கூப்பிட்டபோது எங்கள் அணி போலீசைவிடக் கொஞ்சம் முன்னால் இருந்தது.

படுத்தேன். பைக்குள் கையை விட்டேன். விரல் தகட்டுத் தோட்டாவின் சொரசொரப்பைத் தொட்டது. அதை விட்டுவிட்டுக் கெட்டிக் கூட்டை எடுத்தேன்.

முதல் குண்டுகள் கறுப்பு வட்டத்தில் விழுந்தன. வெடித்தபோது நுனியில் தீயைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். அப்புறம் காற்று ஏறியது. இடப்பக்கத்திலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்தது. நான் இடப்பக்கம் ஒதுக்கிக் குறிவைத்தேன். சுடுகிற நேரத்தில் காற்று நின்றது. குண்டு வட்டத்துக்கு வெளியே போயிற்று. அடுத்ததற்கு ஒதுக்காமல் வைத்தேன். காற்று திரும்பி வந்தது. கடைசிக் குண்டு பலகையையே தொடவில்லை. போலீஸ்காரர்கள் ஆர்ப்பரித்தார்கள்.

எழுந்து நின்றேன். மேலதிகாரி வேகமாக வந்து, தரையில் கிடந்த காலிக் கூட்டைப் பொறுக்கிப் பார்த்தார். அவர் நாஞ்சில் நாட்டுப் பெரிய வீட்டுக்காரர். கோபம் வந்தால் சத்தம் கூடாது, குறையும்.

“என்ன ஓய் இது? பொம்பளத் தோட்டாவா போட்டீரு?”

“ஆமா சார்.”

“ஏன்?”

“மற்றதுக்குப் பயம் சார். முகத்துல வெடிச்சதுல இருந்து கண்ணு மூடிக்கிடும்.”

சொல்லிவிட்டேன். சுற்றிலும் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். யாரோ சிரித்தார்கள். மேலதிகாரி என் பையிலிருந்து ஒரு பழைய தோட்டாவை எடுத்து, காவலரிடம் நீட்டினார்.

“நீரு சுடும். ஒண்ணும் ஆவாதுன்னு இவருக்குக் காட்டும்.”

காவலர், அதிகாரி சொன்னால் செய்கிற மனிதர். தோட்டாவை வாங்கிக்கொண்டு, என் கையிலிருந்த ரைபிளுக்காக இன்னொரு கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவர் கையிலிருந்த தோட்டாவைப் பறித்தேன். அப்படிச் செய்யப்போகிறேன் என்று ஒரு நொடிக்கு முன்னால்கூட எனக்குத் தெரியாது.

“வேண்டாம் சார்” என்றேன். “இவரு சுட வேண்டாம்.”

“கொடும் ஓய் அத.”

“மாட்டேன் சார்.”

மேலதிகாரியின் முகம் வெளிறிப்போனது. உத்தியோகம் அந்த இடத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மார்த்தாண்டத்துக்குத் திரும்பிப்போய் மாமனார் வீட்டில் நிற்பதுவரை மனதில் ஓடியது. அப்போது துரை எங்களுக்கு நடுவில் வந்து, என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். அவரிடம் கொடுத்தேன். கூட்டைத் திருப்பிப் பார்த்தார். களிம்பின்மேல் நகத்தை வைத்துச் சுரண்டினார். தகடு காய்ந்த வாழைச்சருகு மாதிரி உரிந்து, கறுப்பு மருந்து அவர் உள்ளங்கையில் கொட்டியது.

இங்கிலீஷில், நிதானமாகச் சொன்னார்: “இதை நான் சுட மாட்டேன். காலையிலிருந்து இதையா எல்லாரும் சுட்டீர்கள்?”

சிரித்தவர்கள் தங்கள் பைகளைத் திறந்து பார்க்கத் தொடங்கினார்கள். நான் சொன்னதை மட்டும் வைத்து மேலதிகாரி நம்பியிருப்பாரா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். துரை சொன்னதால் நம்பினார். அன்றே பழைய பெட்டிகளை எல்லாம் திருப்பி அனுப்ப உத்தரவாயிற்று. எனக்குத் தண்டனை வரவில்லை, பாராட்டும் வரவில்லை. அதன்பிறகு எந்தப் போட்டிக்கும் என்னைக் கூப்பிடவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

திரும்புகிற வழியில் காவலர் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தோவாளை தாண்டும்வரை வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பிறகு, “நான் சுட்டிருப்பேன் ஏமானே” என்றார். எனக்கு அது தெரியும் என்றேன்.

துலா மாத மழை, ஐப்பசி மழை, ஓய்ந்த பிறகு புதுத் தோட்டாக்கள் வந்தன. கெட்டிக் கூடு, கனத்த குண்டு. முதல் பெட்டியை உடைத்துக் கல்வெட்டாங்குழிக்குக் கொண்டுபோனோம். என் கண் சிலசமயம் திறந்திருந்தது, சிலசமயம் மூடியது. இன்றைக்கும் பக்கத்தில் யாராவது கதவை அடைத்தால் எனக்குத் தோள் தூக்கிப்போடும்.

அன்று மனைவி குடையைப் பாறையில் வைத்துவிட்டு வந்து, “எனக்கும் ஒண்ணு சுடணும்” என்றாள். வேண்டாம் என்றேன். உதைக்கும் என்றேன். அவள் கேட்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தாள். ரைபிளை அவள் தோளில் நானே பொருத்தி வைத்தேன். அவள் கன்னம் அந்த இரும்புக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. விசையில் அவள் விரல் அழுந்துவதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் நான் பயந்ததுபோல், என் தோளில் இருந்தபோது ஒருநாளும் பயந்ததில்லை.

வெடித்தது. அவள் பின்னுக்கு வழுக்கி, தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தோள் பல நாள் நீலம் பாரித்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாட்டுப் புஸ்தகத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். கை என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம், கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டாள்.